ஏறுகிற கியரில் இறங்கணும்

நாமக்கல்

ஆஞ்சநேயர் கோயில் முன்னால் புது லாரி ஒன்று மாலை போட்டு நின்றது. வெறும் சேஸாக வந்து, ஊர்ப் பட்டறையில் பாடி கட்டி, பெயின்ட் அடித்து, இப்போது சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். இந்த ஊரில் இது அன்றாடக் காட்சி. பாடி கட்டுவோர், டயர் ரீட்ரேடிங் செய்வோர், எரிவாயு டேங்கர் வைத்திருப்போர், லாரிக்குக் கடன் கொடுப்போர் என்று ஊரில் பாதிப்பேருக்கு லாரியில்தான் சோறு. கொஞ்சம் தள்ளிப் போனால் சங்ககிரியிலும் லாரிதான். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக். நாமக்கல் என்றால் முட்டை என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். அந்த முட்டையும் லாரியில்தான் போகிறது.

நான் ஏறிய வண்டி புதியது அல்ல. பன்னிரண்டு சக்கரம். ராசிபுரம் பக்கத்து ஆலை ஒன்றில் 25 டன் ஜவ்வரிசி ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி, மும்பையை ஒட்டிய வாஷி சந்தைக்குக் கிளம்பியது. வண்டியும் பாரமுமாக 35 டன். ஓட்டுபவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணன். கூட அவருடைய அக்கா மகன், இரண்டாவது டிரைவர்.

"கார் ஓட்டுவீங்களா தம்பி?"

"ஓட்டுவேண்ணா."

"அப்ப அதை மறந்துட்டு உக்காருங்க."

ஏன் அப்படிச் சொன்னார் என்பது கியர் லீவரைப் பார்த்தபோது விளங்கியது. தலையில் ஒரு குமிழ், அதன் மேல் பாதி தேய்ந்துபோன எண்கள், முன்பக்கம் விரல் படுகிற இடத்தில் ஒரு சின்ன சுவிட்ச். கிராலர் ஒன்று, அப்புறம் ஒன்று முதல் எட்டு வரை. ஆக மொத்தம் ஒன்பது கியர். ஆனால் கை போகிற இடங்கள் அவ்வளவு இல்லை. ஒன்று முதல் நாலு வரை எங்கே இருக்கின்றனவோ அங்கேயேதான் ஐந்து முதல் எட்டும் இருக்கின்றன. சுவிட்சைத் தூக்கிவிட்டால் கியர்பாக்ஸின் பின்பகுதியில் இருக்கும் இன்னொரு சிறிய பெட்டி காற்றழுத்தத்தில் மாறிக்கொள்கிறது. நாலு கியர் எட்டாகிறது, ஒரே படிக்கட்டை இரண்டு தரம் ஏறுகிற மாதிரி.

கார் என்ஜின் 6,000 சுற்று வரை துள்ளும். லாரியின் டீசல் என்ஜினுக்கு 2,000, 2,500 என்றாலே எல்லை. அதிலும் டீசலை வீணடிக்காமல் நன்றாக இழுப்பது 1,200க்கும் 1,600க்கும் நடுவில், மீட்டரில் பச்சை அடித்திருக்கும் கொஞ்ச இடத்தில்தான். பாரம் கூடினாலும், மேடு வந்தாலும், முன்னால் மாடு வந்தாலும் முள்ளை அந்தப் பச்சைக்குள்ளேயே நிறுத்தியாக வேண்டும். இத்தனை கியர் அதற்குத்தான். கிராலரில் என்ஜின் ஏறத்தாழ 12 சுற்று சுற்றினால் கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும். எட்டில் ஒன்றுக்கு ஒன்று.

அண்ணன் லீவரைப் பிடிப்பதே இல்லை. முன்னால் போக வேண்டுமானால் விரித்த உள்ளங்கையால் தள்ளுகிறார். பின்னால் வர வேண்டுமானால் இரண்டு விரலைக் கொக்கி போட்டு இழுக்கிறார். "இறுக்கிப் பிடிச்சா அது எங்க போகுதுன்னு கைக்குத் தெரியாதுங்க" என்றார்.

தொப்பூர்

ஓமலூர் வரைக்கும் எட்டாம் கியர். கணவாய் நெருங்க நெருங்க அண்ணன் பேச்சைக் குறைத்தார். சேலத்துப் பக்கமிருந்து போனால் தொப்பூர் ஏற்றம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்கூட இல்லை. ஓசூர் 900 மீட்டருக்குப் பக்கம். அந்த உயரத்தின் ஒரு பெரிய பங்கை இந்தக் கணவாயில்தான் ஏறியாக வேண்டும்.

வண்டி திணறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மேடு கண்ணில் பட்டதுமே எட்டிலிருந்து ஏழு, ஏழிலிருந்து ஆறு. ஒவ்வொரு தரமும் கால் இரண்டு முறை போனது. கிளட்சை மிதித்து நியூட்டர். கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஒரு தட்டு. மறுபடி கிளட்ச், அப்புறம் கியர். எல்லாமே ஒரு மூச்சு நேரம். இந்த வண்டிக்கு டபுள் கிளட்ச் தேவையே இல்லை. உள்ளே இருக்கிற சின்க்ரோ வளையங்கள் சுற்று வேகங்களைச் சமன் செய்துகொள்ளும். ஆனால் அண்ணன் தொழில் பழகியது பழைய லேலண்டில். அதில் சின்க்ரோ கிடையாது. கீழ்க் கியருக்கு வர வேண்டுமானால் உள்ளே சுற்றுகிற சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அந்த வேகத்தை ஆக்சிலேட்டரைத் தட்டி டிரைவர்தான் கொடுக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பல் பல்லோடு மோதி அலறும், கியர் விழாது. மருமகனுக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ஒரே மிதி, ஒரே தள்ளு. மாமாவின் காலைப் பார்த்துச் சிரிப்பான்.

ஐந்திலிருந்து நாலுக்கு வருகிற இடம் தனி. அதற்கு முன்பே விரல் சுவிட்சைக் கீழே தட்டிவிட்டது. லீவர் நியூட்டரைக் கடந்தபோது அடியில் 'புஸ்' என்று காற்று மாறியது. கீழ்ப்பெட்டி விழுந்துவிட்டது. பிறகு நாலு, மூன்று. பக்கத்தில் நடந்து போகிறவர் நம்மை முந்திவிடுவார் போல் இருந்தது.

எதிர்ப்பாதையில் இறங்குகிற லாரிகளைக் கவனிக்கச் சொன்னார் அண்ணன். இரண்டு வகை இருந்தன. ஒன்று உறுமிக்கொண்டே வந்தது. கியரில் நின்று, எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, புகை போகிற வழியை அடைத்து, என்ஜினையே முட்டுக்கட்டையாக்கி இறங்குகிற வண்டி. இன்னொன்று சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"அது நியூட்டர்ங்க" என்றார்.

தருமபுரிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு இது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்டரில் விடுகிறார்கள். சிலர் என்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். என்ஜின் நின்றால் காற்றடிக்கிற கம்ப்ரசரும் நிற்கும். லாரியின் பிரேக்கோ காற்றால் இயங்குவது. நாலைந்து தரம் மிதித்தால் டேங்கில் அழுத்தம் இறங்கும். பவர் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தாலும் நியூட்டரில் இன்னொரு கண்ணி இருக்கிறது: திரும்பி வர வழி கிடையாது. இருபது கிலோமீட்டர் வேகத்துக்கான கியரிலிருந்து நியூட்டருக்குப் போய், வண்டி அறுபதைத் தொட்டபின் அதே கியரைத் தேடினால் அது விழாது. அந்த வேகத்துக்கு ஈடாக என்ஜினைச் சுற்றவைக்க யாராலும் முடியாது. மிச்சம் இருப்பது பிரேக் மட்டும். அது டிரம்மில் உரசி உரசிச் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிடிக்காது. 2020 டிசம்பரில் இங்கே ஒரு லாரி, நெரிசலில் வரிசையாக நின்ற வண்டிகளின் மேல் பாய்ந்தது. நாலு பேர் செத்தார்கள். அது மாதிரி முன்னும் பின்னும் எத்தனையோ.

"எந்தக் கியர்ல ஏறுனமோ அதே கியர்ல இறங்கணும். எனக்குச் சொல்லிக் குடுத்தவரு இது ஒண்ணைத்தான் அடிச்சுச் சொன்னாரு."

ஓசூர், நெலமங்கலா

ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை 1980-இல் வந்தது. கம்பெனி அதற்கும் மூத்தது. ரகுநந்தன் சரண் 1948-இல் தொடங்கியபோது பெயர் அசோக் மோட்டார்ஸ், அசோக் அவர் மகன் பெயர். இங்கிலாந்தின் லேலண்ட் 1955-இல் சேர்ந்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் லாரி என்றாலே லேலண்ட் என்று ஒரு தலைமுறை வளர்ந்தது. அண்ணனுக்கு இன்றும் வேறு கம்பெனி வண்டியின் மேல் ஒரு சந்தேகம் உண்டு. ஓட்டிக்கொண்டிருப்பது வேறு கம்பெனி வண்டிதான்.

பெங்களூரைச் சுற்றிக்கொண்டு நெலமங்கலா போய்ச் சேரும் வரை சொல்ல ஒன்றுமில்லை. நெரிசலில் ஒன்று, இரண்டு, மூன்று, மறுபடி ஒன்று. கிளட்ச் மிதிக்கிற இடது முழங்காலை அண்ணன் அவ்வப்போது தேய்த்துவிட்டுக்கொண்டார். துமகூரு தொடுவதற்கு முன் கியாத்சந்திராவில் தட்டை இட்லி. தட்டு அகலத்துக்கு ஒன்று, மேலே வெண்ணெய். நம் ஊர் இட்லியில் நாலு சாப்பிடுகிறவர்களுக்கு இதில் இரண்டே அதிகம். சட்னி மட்டும் எனக்கு நம் ஊர்ச் சட்னிதான் மேல்.

சித்ரதுர்கா

மருமகன் ஓட்டினான். பாறைக் குன்றுகள், அவற்றின் முகட்டில் காற்றாலைகள், இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த மக்காச்சோளக் காடு. சாலை இங்கே செங்குத்தாக ஏறுவதும் இல்லை, தட்டையாகக் கிடப்பதும் இல்லை. நீளமாக ஒரு ஏற்றம், நீளமாக ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம். ஏழும் எட்டும் மாறி மாறி விழுந்தன.

என்ஜின் மேல் மூடியில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்த எனக்குக் கீழிருந்து வெக்கை அடித்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏசி கட்டாயம். இந்த வண்டி அதற்கு முந்தியது. "நமக்கு ஜன்னல்தான் ஏசி" என்றான் மருமகன்.

அவன் கொஞ்ச காலம் ஒரு சுரங்கத்தில் தானாகக் கியர் மாறுகிற டிப்பர் ஓட்டியிருக்கிறான். கிளட்ச் பெடலே கிடையாது. "கை சும்மா இருக்கும். தூக்கம்தான் வரும்" என்றான். அந்த வகைப் பெட்டிகளில் ஒரு வேடிக்கை உண்டு. வால்வோவின் ஐ-ஷிப்டில் மெல்லிய இறக்கம் வந்தால் கணினியே வண்டியை நியூட்ரலுக்குக் கொண்டுபோய் உருளவிடுகிற வசதி இருக்கிறது. தொப்பூரில் உயிர் எடுக்கிற அதே வேலை. ஆனால் பிரேக்கைத் தொட்டாலோ வேகம் மீறினாலோ, கியர் விழுகிற நேரத்துக்குள்ளாகவே இயந்திரம் திரும்பிவிடும். எப்போது திரும்ப வேண்டும் என்று அதற்குத் தெரியும். அசதியோடு ஓட்டுகிற ஆளுக்கு அது தெரியாமல் போகிறது.

இதை அண்ணனிடம் சொன்னேன். பின்னால் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

இன்னொன்றும் கேட்டேன். இப்போதைய டீசல் என்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் போவதே நின்றுவிடுகிறது; நியூட்டரில்தான் என்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடிக்கிறது. அப்படியானால் நியூட்டரால் என்ன லாபம்?

"புத்தகத்துல சரிதானுங்க. கியர்ல இறங்குனா என்ஜின் பிடிச்சு நிறுத்தும். நியூட்டர்ல விட்டா வண்டி பாயும். பாய்ஞ்ச வேகத்துல அடுத்த மேட்டுல பாதி சும்மா ஏறிரும். லாபம் அங்கதான். இல்லைன்னா எவன் செய்வான்?"

என்னிடம் மறுப்பு இல்லை. லாபம் இருக்கிறது. அது யாருக்கு என்பது பிறகு தெரிந்தது.

கொல்ஹாபூர்

ஹூப்ளி தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி அவர்களே சமைத்தார்கள். தக்காளிச் சோறு, ஊறுகாய், பொரித்த அப்பளம். தமிழ்நாட்டு லாரிகளை வடக்கே தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளலாம், பக்கத்தில் அடுப்பு எரியும். பஞ்சாபி டிரைவர்கள் தாபாவில் ரொட்டி தின்றுவிட்டுப் போகிறார்கள். நம்மவர்களுக்குச் சோறு இல்லாமல் ஸ்டியரிங் ஓடாது.

மகாராஷ்டிர எல்லைக்குள் நுழைந்ததும் கரும்பு. அறுவடைக் காலம். ஒரு டிராக்டருக்குப் பின்னால் இரண்டு டிரெய்லர், இரண்டிலும் வானம் முட்ட கரும்பு, பின்விளக்கு இல்லை, பத்துக் கிலோமீட்டர் வேகம். ஏழில் வந்துகொண்டிருக்கிற 35 டன் வண்டி ஒவ்வொரு டிராக்டருக்கும் மூன்று, நாலுக்கு இறங்கி, முந்தி, திரும்ப ஒவ்வொன்றாக ஏறியாக வேண்டும். அந்த ஏறுதலில்தான் டீசல் போகிறது. ஒரு மேட்டுக்கு ஆகிற செலவு ஒரு டிராக்டருக்கும் ஆகிறது என்று அண்ணன் வாய்விட்டே கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்.

கொல்ஹாபூரில் தாம்படா ரஸ்ஸா, பாண்டரா ரஸ்ஸா. சிவப்புக் குழம்பு ஒரு கிண்ணம், வெள்ளைக் குழம்பு ஒரு கிண்ணம், நடுவில் ஆட்டுக்கறி. சிவப்பு பார்க்கத்தான் பயங்கரம். எண்ணெய் மிதக்கிற அந்தக் குழம்பைச் சோறு இருந்தால் பிசைந்திருக்கலாம் என்று மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

சாத்தாராவில் விடிந்தபோது ஏதோ ஒரு விரத நாள். சாலையோரக் கடையில் சாபுதானா கிச்சடி: ஊறவைத்த ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, பொடித்த வேர்க்கடலை, சீரகம், பச்சைமிளகாய். நம் ஊரில் இது பாயசம், வடாம், காய்ச்சல்காரருக்குக் கஞ்சி. இங்கே உபவாச நாளென்றால் இதுதான் சாப்பாடே. ஏகாதசிக்கும் சிவராத்திரிக்கும் நவராத்திரிக்கும் மகாராஷ்டிரம் சாப்பிடுகிற ஜவ்வரிசியில் பெரும்பங்கு சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருகிறது. பின்னால் 25 டன் நிற்கிறது என்று மருமகன் கடைக்காரரிடம் இந்தியில் சொன்னான். அவர் கிச்சடியில் இன்னொரு கரண்டி போட்டாரே தவிர, காசு குறைக்கவில்லை.

கம்பட்கி, நவலே பாலம்

சாத்தாராவிலிருந்து புனே போகிற வண்டிகள் கம்பட்கி மலையைச் சுரங்கம் வழியாகக் கடக்கின்றன. எதிரே வந்தவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்ததும் இறக்கமும் வளைவும் சேர்ந்தே வருகின்றன. அண்ணன் சுரங்கத்துக்குள்ளேயே ஐந்துக்கு வந்துவிட்டார். பின்னால் ஒருவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

புனேவுக்குத் தெற்கே காத்ரஜ் புதிய சுரங்கத்தைத் தாண்டினால் நவலே பாலம் வரை இறக்கம். பார்வைக்கு ஒன்றுமே இல்லாத இறக்கம். மலை இல்லை, பள்ளம் இல்லை, அகலமான நகரச் சாலை, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள். ஆபத்தே அதுதான். தொப்பூரைப் பார்த்தால் பயம் வரும், இங்கே வராது. 2022 நவம்பரில் ஒரு லாரி இங்கே 48 வண்டிகளை இடித்துத் தள்ளியது. முதலில் பிரேக் பெயிலியர் என்றார்கள். பிறகு பரிசோதித்தபோது பிரேக்கில் கோளாறு இல்லை, இறக்கத்தில் என்ஜினை அணைத்துவிட்டு வந்திருக்கிறார் டிரைவர் என்றது போலீஸ். எந்த ஊர் டிரைவராக இருந்தாலும், எந்த மொழி பேசினாலும், இறக்கத்தைக் கண்டதும் ஒரே யோசனைதான்.

அண்ணன் ஆறில் இறங்கினார். பள்ளிப் பேருந்து ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது.

போர் காட்

லோனாவாலா 600 மீட்டருக்கு மேல். அடிவாரத்தில் கோபோலி 100 மீட்டருக்கும் கீழே. எங்கள் லாரி 500 மீட்டர் இறங்கினால் அதிலிருந்து வெளிவருகிற ஆற்றல் 47 யூனிட் மின்சாரத்துக்கு மேல் வரும். அது எங்காவது போயாக வேண்டும். டயரும் காற்றும் கொஞ்சம் தின்னும். மீதியை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் டிரம்கள் வாங்கிக்கொள்ளும்.

சிக்கிக் கடைகளைத் தாண்டி, இறக்கம் ஆரம்பிக்கும் முன் இடது ஓரம் ஒதுங்கி நிறுத்தினார். மருமகன் கம்பியை எடுத்துக்கொண்டு டயர்களைத் தட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தான். அண்ணன் காற்று மீட்டர் நிறையும் வரை காத்திருந்தார். பிறகு மூன்றாம் கியர். கிளட்சிலிருந்து காலை எடுத்துத் தரையில் ஊன்றிக்கொண்டார். அடிவாரம் வரை அந்தக் கால் அங்கேயேதான் இருந்தது.

எக்ஸாஸ்ட் பிரேக் விழுந்ததும் கேபினே அதிர்ந்தது. முள் மேலே ஏறிக்கொண்டு போனது; சிவப்பைத் தொடப் போகும்போது பிரேக்கில் அழுத்தமாக ஒரு மிதி, முள் கீழே இறங்கியதும் முழுக்க விடுதல். விடாமல் மிதித்துக்கொண்டே போவது கிடையாது. மிதித்து, விட்டு, டிரம் ஆற நேரம் கொடுத்து, மறுபடி மிதித்து. எங்களுக்கு முன்னால் போன டிரெய்லரிலிருந்து லைனிங் கருகுகிற வாடை வந்தது. அண்ணன் இடைவெளியைக் கூட்டிக்கொண்டார்.

1830-இல் கட்டிய அமிர்தாஞ்சன் பாலம் இந்தச் சாலையின் மேல்தான் நின்றது. 2020 ஏப்ரலில், ஊரடங்கில் வண்டிகள் இல்லாத நாளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பக்கத்தில் இருந்த தைல விளம்பரப் பலகையால் வந்த பெயர். பம்பாயில் 1893-இல் தொடங்கி, பிறகு சென்னைக்குக் குடிபெயர்ந்த அதே அமிர்தாஞ்சன். வலது பக்கம் பள்ளத்தாக்கு திறந்து, கீழே ரயில் பாதை தெரிந்தது. அழகான இடம். அண்ணன் இந்த வழியில் எத்தனையோ வருஷமாக வருகிறார். இறங்கும்போது அந்தப் பக்கம் பார்த்ததே இல்லையாம். ஏறும்போது பார்ப்பாராம், நேரம் நிறைய இருக்கும்.

களம்போலி

வாஷியில் பாரம் இறக்கியபின் களம்போலி இரும்புச் சந்தைக்கு வந்து திரும்பு லோடுக்குக் காத்திருந்தோம். அங்கேதான் டீசல் கணக்கு வந்தது. ஓனர் லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று கணக்குக் கட்டியிருக்கிறார். அதற்கு மேல் வந்தால் மிச்சம் டிரைவருக்கு. குறைந்தால் பேட்டாவில் பிடித்தம். டேங்க் நிரப்பி மருமகன் செல்போனில் வகுத்துப் பார்த்தான். நாலுக்குக் கொஞ்சம் கீழே.

நியூட்டரின் லாபம் யாருக்கு என்று அப்போது புரிந்தது. இறக்கத்தில் வண்டியைப் பாயவிட்டிருந்தால் இந்தப் பிடித்தம் இருந்திருக்காது. தொப்பூரில் எச்சரிக்கைப் பலகைகள் எத்தனையோ வைத்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவற்றில் எதையும் படிப்பதில்லை. டிரைவரின் பேராசை என்று எழுதிவிட்டுப் போவது சுலபம்; கணக்குப் போட்டுக் கொடுத்தவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறார்.

அண்ணன் ஓனருக்குப் போன் போட்டார். கரும்பு டிராக்டர்கள், பெங்களூர் நெரிசல், போர் காட்டில் மூன்றாம் கியர் என்று எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் சத்தம் பலமாகக் கேட்டது. பத்து நிமிஷம் கழித்து வைத்தார்.

"பாதி அவரு, பாதி நானு" என்றார்.

அதற்குள் புரோக்கர் வந்துவிட்டார். கோயம்புத்தூருக்கு ஸ்டீல் காயில், எடை ஜவ்வரிசியைவிட ஒரு டன் கூடுதல். அண்ணன் காயில்களை எங்கே உட்கார வைக்க வேண்டும், சங்கிலி எத்தனை வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார். காட் ஏறும்போது தான் ஓட்டுவதாக மருமகன் சொன்னான்.

"ஓட்டு. மேல வளைவுல நின்னு எடுக்க வேண்டியிருக்கும். ரெண்டுல எடுக்கிறேன்னு கிளட்ச கருக்காத, கிராலரப் போடு."